இரண்டாவது டம்ளர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா நலம். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் அவசரத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருக்கிறது. பின்வாசலில் அம்மா வைத்த எலுமிச்சை வாசனைச் செடியைப் பற்றி நீ எழுதியதை டாக்டரிடம் காட்டினேன். அந்த இலையில் அப்பா குடிக்கிற கஷாயம் மனசை அமைதிப்படுத்தும், தூக்கம் வரும், ஆனால் மயக்க மருந்தோடு சேரக்கூடாது, முன்னதாகவே நிறுத்துங்கள் என்று அவரும் சொன்னார். அன்றே அப்பாவுக்கு நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியும் நிற்கவில்லை. மதியம் கண்ணயர்ந்து எழுந்து வந்தால் மேஜையில் இரண்டு டம்ளர். ஒன்று அப்பா இடத்தில், ஒன்று அம்மா இடத்தில். இரண்டும் காலி. அம்மா டம்ளர் பக்கத்தில் ஓர் இலை நாலாக மடித்து வைத்திருக்கிறது. அது அவள் பழக்கம். அவள் போய் எட்டு மாதமாகிறதே!

அப்பாவைத் திட்டித் தீர்த்தேன். உங்கம்மாதான் போட்டுக் கொடுத்தாள், வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை என்கிறார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். செடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன். மறுநாளும் இரண்டு டம்ளர். அம்மா என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டேன். நீ இப்போது போட்டிருக்கிறாயே, இதேதான் என்றார்.

இன்று காலை ஊசி தேடித் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு கொத்துக் காய்ந்த இலை, என் மாத்திரை அட்டைக்கு அடியில்.

வீட்டில் யாராவது தூக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தாய். இல்லை என்று எழுதினேன். பொய்தான். அம்மா போனதிலிருந்து நான் சாப்பிடுகிறேன், இப்போது மதியமும் ஒன்று. இலைதானே, என்ன செய்துவிடப்போகிறது என்று கூடவே கஷாயமும் குடித்தேன். அப்பாவுக்கு நிறுத்திய அன்றே நானும் நிறுத்தியதாகத்தான் நினைப்பு. ஆனால் தினமும் எழுந்தவுடன் என் விரலில் எலுமிச்சை வாசம் அடிக்கிறது.

நாளை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் நீ லீவு போட்டு வந்துவிடு. மதியங்களில் அப்பா பக்கத்தில் உட்கார். நான் தூக்கத்தில் டம்ளரோடு வந்தால் அக்கா என்று உரக்கக் கூப்பிடு. அப்பா என்னை எழுப்ப மாட்டார்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் அக்காதான்