மீன் பெட்டியில் டைனோசர்

மே 12, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. அறந்தாங்கி மார்க்கெட்டில் மீன்காரரிடம் பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று. கழுவியும் நாற்றம் போகவில்லை. பாதிக்கு மணல் போட்டாயிற்று.

வாங்க வேண்டியது: பிளாஸ்டிக் டைனோசர் பாக்கெட், சின்ன பெயிண்ட் பிரஷ், மைதா, தூள் உப்பு (கல் உப்பு வேண்டாம்).

எல்லாம் மகள் ஹனாவுக்கு. நாலு வயது. அவள் பிறந்தபோது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் நான். நடுவில் ஒரே ஒரு லீவு. வேலையை விட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் என்னிடம் நேராகப் பேசமாட்டேன் என்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் அம்மாவின் போனை எடுத்து, மஸ்கட்டுக்கு வீடியோ கால் பேசியது போலவே முகத்துக்கு நேரே பிடித்து, “அத்தா, இங்க பாருங்க.” நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி சபியா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டைனோசர் என்றால் மட்டும் கிட்டே வருகிறாள். அப்படியானால் டைனோசர்தான். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மே 13, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் கோழி எலும்பு, கழுவிக் காயவைத்தது. மணலில் புதைத்தேன். கையால் தோண்டக் கூடாது, பிரஷால்தான். ஹனா எண்ணினாள்: ஒண்ணு, ரெண்டு, நாலு. மூன்றுக்கும் அவளுக்கும் ஆகாது போல.

“டைனோசர் எலும்பெல்லாம் மண்ணுக்குள்ள கோடி வருஷம் அப்படியே இருந்துச்சும்மா. எங்கயும் போவாது.”

யோசித்தாள். போனை எடுத்தாள். “அத்தா, எங்கயும் போவாதா?”

“போவாது,” என்றேன், நானும் போனைப் பார்த்து. வேறென்ன செய்ய.

மத்தியானம் காசிம் மச்சான், சபியாவின் அண்ணன். முதல் விசா வாங்கித் தந்தவர். “என்ன மச்சான், ஆம்பள மண்ணுல வெளாடுறீங்க? புது விசா ரெடி. வெள்ளிக்கெழம தொழுதுட்டு வாரேன், பாஸ்போர்ட்ட எடுத்து வைங்க.” ஹனாவைக் கூப்பிட்டு, பீரோவில் இருந்த பாஸ்போர்ட்டைக் காட்டி, “இந்த நீலப் பொஸ்தகம் இருந்தாத்தான் ஒங்கத்தா பிளேன்ல போவாரு. பெரிய டைனோசரா வாங்கியாருவாரு.”

“யோசிக்கிறேன்” என்றேன். என் வாயில் மண். யோசித்து முடித்துத்தானே ஊருக்கே வந்தேன்.

மே 14, புதன்

மைதாவில் உப்புப் போட்டுப் பிசைந்து கால்தடம். முதலில் டைனோசர் கால், அப்புறம் ஹனா கால், கடைசியாக என் கால். எல்லாவற்றிலும் என்னுடையதுதான் பெரிது. விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான். போன் மேசையில் கிடந்தது.

சாப்பிடும்போது சபியா: “போகலன்னா அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஆனா சோத்துக்கு என்ன வழின்னும் சேத்துச் சொல்லுங்க.”

நியாயம். கோபம் வந்தது, ஆனாலும் நியாயம்.

மே 15, வியாழன்

ஜெகதாப்பட்டினம். பஸ்ஸில் புழுக்கம். மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில். ஐஸ் பிளாண்டும் ஓடவில்லை. கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்க்க இதுதான் சமயம், ஆள் தேடுகிறார்கள். முதலாளி, “வெளிநாட்டுல இருந்தவருக்கு இந்தச் சம்பளம் கட்டுமாங்க?”

“கட்டும்.”

கட்டாது. கட்ட வைப்பேன். திங்கள் முதல் வேலை.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மச்சானிடம் ‘இருக்கிறது, தரமாட்டேன்’ என்று சொல்ல ஆசை. காணோம். சபியாவிடம் கத்தினேன். அவள் திருப்பிக் கத்தினாள், “நா எதுக்குங்க எடுக்கப்போறேன்?”

ஹனா பெட்டியருகே. மணலைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பிரெட் கவர் நுனி, உள்ளே நீலம்.

“என்னம்மா இது?”

போனைத் தேடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். “எங்கயும் போவாது அத்தா.”

கண் கலங்கிவிட்டது. அந்த நுனி மேல் நானும் ஒரு கை மணல் அள்ளிப் போட்டேன்.

மே 16, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக வந்துவிட்டார் மச்சான். “எடுத்து வச்சிட்டீங்களா?”

பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். பிரஷையும் கொடுத்தேன். “இதுக்குள்ள இருக்கு. ஹனா விட்டாத் தோண்டிக்கங்க.”

“வெளாடுறீங்களா?”

“ஆமா. வெளாடத்தான் வந்திருக்கேன். திங்கக்கெழமையிலேருந்து ஐஸ் பிளாண்டுக்கும் போறேன். மஸ்கட்டுக்கு வேற ஆளப் பாருங்க.”

மச்சான் தங்கச்சியைப் பார்த்தார். சபியா, “சாப்ட்டுப் போங்கண்ணே, மீன் கொழம்பு,” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிஜமாகவே குனிந்தார். ஹனா பாவாடையோடு மணல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப வராது மாமா. கோடி வருஷம் ஆவும். அப்பறமா வாங்க.”