பரீட்சைக்கு நடுவில் கத்தியவள்

நிரோஷினி, கிட்ட வந்து உட்கார். மூடி வைத்திருக்கிற ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே கேள், ஒரு மாமியார்க்காரியின் கதை சொல்கிறேன். யாரென்று இந்தக் கடிதத்தின் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

மருமகள் வீட்டிலிருந்தே முன்பள்ளி டீச்சருக்குப் படிக்கிறாள். அதற்குப் போனும் டேட்டாவும் இருந்தால் போதுமென்றுதான் மாமியார் நினைத்திருந்தாள். போன வெள்ளிக்கிழமை ரத்தோட்டையிலிருந்து மாமியாரின் நாத்தனார் வந்து உட்கார்ந்தவுடனேயே, "என்ன மதினி, ஒங்க மருமக வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, உள்ளுக்குப் போன்ல கொஞ்சிக்கிட்டிருக்கா?" என்று குத்தினாள். மாமியாருக்குச் சுருக்கென்றது. அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு போய், "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தாம யாரோடடி பேச்சு?" என்று கத்தினாள்.

போனிலிருந்து மிஸ் சொன்னார்: "அம்மா, வாய்மொழிப் பரீட்சை நடக்குது. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

அதன்பிறகு மருமகளால் பரீட்சையை முடிக்க முடியவில்லை. மாமியாருக்கோ இன்றுவரை அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படிக்கிறவளுக்குச் சத்தம் போடாத வீடும் வேண்டும். அதை ஒருவர் சொல்லியா தெரிய வேண்டும்?

இன்று அந்தப் பரீட்சையை மறுபடி வைக்கிறார்கள். பார், நாத்தனாரும் இன்றைக்கே வருகிறாளாம். அவளை பஸ் ஸ்டாண்டிலேயே மறித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக, யாரும் வந்து தட்டாதபடி முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு மாமியார் கிளம்பிவிட்டாள். பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

பி.கு.: ரொட்டிக்கு அரைத்த தேங்காய்ச் சம்பலில் உறைப்பு குறைத்திருக்கிறேன், தொண்டை கட்டாது.

இன்னொன்று: பயப்படாமல் சத்தமாகப் பதில் சொல், புள்ள. உன் வீடு, ஆமாம், உன் வீடுதான், என்றைக்கும் உன் குரலால் நிறைந்திருக்கட்டும்.