சோல்ஸ்பரியில் தம்பியின் வீடு

3 யூலை 1976, சனி
இங்கிலாந்திலை கொளுத்துற வெயில். மெல்பேர்ன் குளிருக்குப் போட்டுவந்த கம்பளிக் கோட்டைக் கையிலை தூக்கிக்கொண்டு ரயிலாலை இறங்கினன். ஜீன் ஸ்டேசனிலை நிண்டா. தம்பியின்ரை வெள்ளைக்கார மனுசி. கலியாணம் முடிச்சு ஒம்பது வருசம், இண்டைக்குத்தான் முதல் முதல் காணுறன். அவன் இல்லாத நேரத்திலை. தையிலை மாரடைப்பு வந்து போயிட்டான்.
"அக்கா" எண்டா. தமிழிலை. தம்பி இழுக்கிற அதே இழுவை.
சின்ன வீடு. மருந்துக்கடைக்குப் போடுற அவன்ரை வெள்ளைக் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னாலை. சாம்பல் பெட்டி யன்னலடியிலை, ரேடியோவுக்குப் பக்கத்திலை. அதைக் கொண்டுபோகத்தான் வந்தனான் எண்டு அவவுக்குத் தெரியும்.
சாப்பாடு: சோறு, மீன், அவிச்ச பட்டாணி. மிளகாய்த்தூள் போத்தலை என்ரை பக்கம் தள்ளிவிட்டா.

4, ஞாயிறு
கதீட்ரல். கோபுரத்தை அண்ணாந்து பாத்துக் கழுத்து நோ. முன்னாலை புல் காய்ஞ்சு மஞ்சள். கனநாளா மழை இல்லையாம்.
உள்ளுக்கு முகமில்லாத பழைய மணிக்கூடு. வெறும் இரும்புச் சக்கரங்கள். தம்பி மத்தியானத்திலை வந்து இதடியிலை நிப்பானாம்.
"நேரம் காட்டாத மணிக்கூடு. அதுதான் அவருக்குப் பிடிச்சது." சொல்லிச் சிரிச்சா ஜீன். பிறகு கதிரையிலை இருந்து ரெண்டு பேரும் அழுதம். ஆரோ வயசான மனுசி கண் துடைக்க லேஞ்சி ஒண்டு தந்திட்டுப் போனா.

5, திங்கள்
மெல்பேர்னிலை, நோபல் பார்க் வீட்டுக்கு ரெலிபோன். பிள்ளையளுக்குத் தடிமன், மூக்குச் சிந்துதுகளாம். இவர் முட்டை பொரிக்கப் பழகீட்டாராம்.
குசினியிலை வைச்சுச் சாம்பலைக் கேட்டிட்டன். ஊரிலை, கீரிமலைக் கடலிலை கரைக்கோணும் எண்டு அம்மா நிக்கிறா. ஜீன் கோப்பை கழுவிறதை நிப்பாட்டேல்லை.
"கொண்டு போங்கோ அக்கா. நீங்கள்தானே அவருக்கு முதல்."
முகத்தைத் திருப்பினா. கேட்டிருக்கக் கூடாது.
பின்னேரம் ஆத்தங்கரையாலை நடந்தம். தண்ணி வத்திக் கிடக்கு. தாராக்கள்.
"இது எங்கை போகுது?"
"தெற்கை, கடலுக்கு. அங்கை நாங்கள் நண்டு பிடிக்கப் போறனாங்கள்."
"அவன் நண்டு பிடிச்சவனோ?"
"பிடிச்சு எல்லாத்தையும் திருப்பி விட்டிடுவார்."
நிண்டிட்டன். கடல் கடல்தானே.
"அங்கை போவம், ஜீன். ரெண்டு பேருமா."
அவ என்ரை கையைப் பிடிச்சா.

7, புதன்
பஸ் மாறிப் போனம். பெட்டி ஜீன்ரை மடியிலை. ஆறு கடலோடை சேருற இடம், சின்னப் படகுகள், ஐஸ்கிறீம் வான்.
சப்பாத்தைக் கழட்டி, சீலையைத் தூக்கிச் செருகி முழங்கால் தண்ணிக்குள்ளை. தேவாரம் தொடங்கினன், நடுவிலை மறந்துபோச்சு. ஜீன் தன்ரை ஜெபம் ஒண்டைச் சொல்லி முடிச்சா. ரெண்டு பேருமாக் கைபோட்டுச் சாம்பலை அள்ளி விட்டம். கடைசிப் பிடியிலை அவ நிப்பாட்டினா.
"இது கொஞ்சம் நான் வைச்சிருக்கட்டோ?"
முழுக்கக் கரைக்கிறதுதான் முறை. அம்மாவுக்கு என்ன சொல்லுறது, தெரியாது.
"வைச்சிருங்கோ."
ஒரு அலை வந்து ரெண்டு பேரையும் இடுப்பு வரைக்கும் நனைச்சுது. ஜீன் கத்திச் சிரிச்சா. நானும்.