நிலாவுக்குப் போன வாட்ச்

தை 18, ஞாயிறு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்று அக்கா மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீராக மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டினேன். ராஜபாளையம் பஜாரில் வாங்கியதுதான். வாய் சும்மா இருந்ததா? "மாப்ள, நிலாவுல நடந்தவிய கட்டியிருந்தது இதே வாட்ச்தான்" என்று சபையில் அளந்துவிட்டேன்.

மாப்பிள்ளை மெதுவாக, "மாமா, அது சாவி கொடுக்கிற வாட்ச். இது பேட்டரியிலல்லா ஓடுது?" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். "அங்க போயித்தான் பேட்டரி மாத்துனாவ" என்றேன். சம்பந்தி வீட்டார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். செல்வி மட்டும் தலை நிமிரவில்லை.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தனியாக வந்தாள். "மாமா, கல்யாணத்துல முன்னால வந்து நில்லுங்க. ஆனா வாயத் தொறக்காதீய."

சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன்.