தண்ணீர் விட்டுப் பார்த்தேன்

மார்ச் 3

பள்ளிக்கூட மாடியில் நாலு பைப் மாற்றினேன். மதியம் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், அதுவும் திரும்பி வந்தது. முப்பது வருடமாக ஊரார் வீட்டு அடைப்பை எடுக்கிறேன். என் அடைப்புக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 19

புற்று. உணவுக்குழாயில். டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையை நீளமாகத் தைத்து, நெஞ்சு வழியே மேலே இழுத்து, கழுத்தில் மிஞ்சும் துண்டோடு இணைப்பார்களாம்.

"ஜாயின்ட் கழுத்துல எதுக்கு டாக்டர்?"

"விட்டுப்போனா வெளியிலருந்தே திறந்து பாக்கலாம்ல."

சரியான ஆள். நானும் இணைப்பைச் சுவருக்குள் புதைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதாள். நான் அந்தப் படத்தை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், மடையன்.

ஜூலை 11

மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. பதினோரு கிலோ குறைந்துவிட்டேன். நாளைக்கு ஆபரேஷன்.

ஜூலை 17

ஐந்தாம் நாள். வயிற்றில் போட்ட டியூப் வழியாகப் பால் போகிறது. வாயில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. நாளை மறுநாள் ஏதோ மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பார்களாம், இணைப்பு ஒழுகுகிறதா என்று. அதுவரை அவள் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைக்கிறாள்.

அவள் கீழே டீ குடிக்கப் போனபோது அவள் பாட்டிலை எடுத்தேன். மூன்று மடக்கு. தாகம்தான். ஆனால் தாகம் மட்டும் இல்லை — தண்ணீர் விட்டுப் பார்க்காமல் ஒரு ஜாயின்டை எப்படி நம்புவது? சில்லென்று இறங்கியது. அவ்வளவு சந்தோஷம், வெட்கமே இல்லாமல்.

ஜூலை 18

காய்ச்சல். கழுத்து வீங்கிவிட்டது. நாற்றம்.

ஆகஸ்ட் 6

மறுபடி திறந்தார்களாம். நடுவில் எத்தனை நாள் போனது என்றே தெரியவில்லை. மேலே இழுத்த இரைப்பையின் நுனி அழுகிவிட்டதாம். பிரித்து, மிச்சத்தை வயிற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை, அதில் ஒரு பை. விழுங்குகிற எச்சில் அதில் வந்து விழுகிறது. ஆறு மாதம் போனால் பெருங்குடலில் ஒரு துண்டு எடுத்துப் புதுக் குழாய் போடலாமாம்.

ஏன் அழுகியது என்று அவள் டாக்டரிடம் கேட்டாள்.

"ரத்த ஓட்டம் போகலம்மா. காரணம் இதுதான்னு ஒண்ண சொல்ல முடியாது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22

வீடு. அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். தட்டுச் சத்தம்கூடக் கேட்பதில்லை.

அக்டோபர் 14

அவள் தன் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

"நான்தான்க்கா கெடுத்தேன். காஞ்சு கெடந்தாரேன்னு பஞ்ச நல்லா நனைச்சு வச்சேன். தண்ணி உள்ள எறங்கியிருக்கும்."

மூன்று மாதமாக இதைச் சுமந்திருக்கிறாள். டேய், வாயத் தொறந்து சொல்லேன்டா! சொன்னா என்ன, திட்டுவா. திட்டட்டுமே! — முடியவில்லை. பயம். புதுக் குழாய் போடட்டும். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 27

ஸ்கேன். ஈரலில் மூன்று இடம். "இனிமே அந்த ஆபரேஷன் வேணாம்" என்றார் டாக்டர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சுடுங்க" என்றாள். என்னிடம்!

ஜனவரி 28

இந்த டைரியில் ஜூலை 17-ஐத் திறந்து, அவள் மூக்குக்கண்ணாடியை மேலே வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

ஜனவரி 30

நேற்று டியூபில் பால் ஊற்றும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று மதியம் தட்டோடு வந்தாள். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு மடக்கா?"

"மூணுதான்."

"பாவி மனுஷா."

சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா, தண்ணி?"

"ரொம்ப."

தலையாட்டிவிட்டு, மிச்சத்தையும் சாப்பிட்டாள்.