கேரியகூவில் எங்கே தங்குவது

என் ஒரே தங்கச்சிக்கு,

அம்மாவின் கல்லறைக்குக் கல் நிறுத்தி ஊருக்கே விருந்து வைத்தாய். நியூயார்க்கிலிருந்து நான் வரும்வரை பொறுக்கவில்லை. பதினேழு வருஷமாகியும் அது எனக்கு ஆறவில்லை.

இந்த ஜூலையில் பேத்தி டெலிஷாவோடு நம் கேரியகூ தீவுக்கு வருகிறேன். பதினைந்து வயசுக்காரி, போனில் கடற்கரை ஹோட்டல் அறை தேடிக்கொண்டே கேட்டாள்.

"சொந்தத் தங்கச்சி வீடு இருக்கையில ஹோட்டல் எதுக்குப் பாட்டி?"

"அவ வாசல மிதிக்கமாட்டேன்டி."

"அப்ப செத்தவங்களுக்குப் படையல் தட்டு எங்க வைப்ப? நீச்சல் குளத்தோரமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவர்களுக்குத் தட்டு வைக்காமல் அந்த மண்ணில் எப்படித் தங்குவது? தட்டு வைக்கிற அம்மாவின் மேசை உன்னிடம்தானே இருக்கிறது.

அறை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு இடம் கொடுப்பாயா? வராதே என்பதானால் டெலிஷாவுக்குப் போன் செய்து சொல். உன் வாயால் அதை நான் கேட்கவேண்டாம்.

உன் அக்கா