காப்புக் கட்டிய வில்

7-4-74, ஞாயிறு

திரௌபதி அம்மன் கோயில் வில்லுக்கு மரம் இழைத்தேன். தடசு மரம், நன்றாக வளையும். கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் வாரம் முழுக்க மர அச்சு செதுக்குகிறவனுக்கு லீவு நாளிலும் மரம்தான்.

மாசியில் அவள் செத்ததிலிருந்து ஊரில் ஒரே கேள்வி. மனைவி செத்த வீட்டில் அம்மன் வில்லைச் செய்யலாமா? தர்மகர்த்தா சுப்பராயன்தான் வழி சொன்னார். காப்புக் கட்டும் வரை அது வெறும் மரம். கட்டிய பிறகு ஒரு வருஷத்துக்கு நான் தொடக்கூடாது. சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரிதான்.

14-4-74

வருஷப் பிறப்பு. சமைக்கவில்லை.

21-4-74, ஞாயிறு

அவள் தம்பி பரசுராமன் வந்தான். கூத்தில் அர்ச்சுனன் வேஷம் அவனுக்குத்தான். திரௌபதி கல்யாணத்தன்று கம்பத்தில் தொங்கும் மர மீனை எங்கள் ஊரில் நிஜமாகவே அடிக்க வேண்டும். தவறினால் ஊருக்கு ஆகாது என்பார்கள்.

அவன் நிலத்தில் அம்பு விட்டுப் பார்த்தோம். அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போனது. வில்லின் கீழ்ப்பாதி விறைப்பாக இருந்தது. கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். விட்டான். மறுபடி சுரண்டினேன். சாயங்காலம் அம்பு நூல் பிடித்தாற்போல் போனது. பரசுராமன் சிரித்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையில் சில்லு கிழித்திருந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

5-5-74

வில்லுக்கும் பரசுராமனுக்கும் காப்புக் கட்டினார்கள். தீட்டு வீட்டுக்காரன் கோயிலுக்குள் போகக்கூடாது, ரோட்டிலேயே நின்று பார்த்தேன்.

9-5-74, வியாழன்

ரயில் ஸ்டிரைக். வேலைக்குப் போக வழியில்லை. பரசுராமன் நிலத்தில் வில்லை வெள்ளோட்டம் பார்க்கிறார்கள் என்று வரப்பு ஓரம் போய் நின்றேன்.

நான்கு அம்பும் வாலை ஆட்டின. ஒன்று கிணற்றுப் பக்கமே போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் சுப்பராயன் சொன்னார்: "சாவு ஊட்டு வில்லு. வேற எப்டிப் போவும்?"

பரசுராமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணத்தன்று தவறினால் பழி என்னோடு நிற்காது, செத்துப் போனவள் தலையில் ஏறும். அவளைத்தானே சொல்வார்கள்? இத்தனை நாளில் முதல் முறையாக எனக்குக் கோபம் வந்தது.

10-5-74

மரத்தில் குற்றமில்லை. பிறகு என்ன?

11-5-74, சனி

காலையில் மறுபடி போய்ப் பார்த்தேன். காப்புக் கயிற்றில் கட்டிய மஞ்சள் கிழங்கு! கைப்பிடிக்கு மேலே, அம்பு உரசிப் போகிற பக்கத்திலேயே முடிச்சு. ஒவ்வொரு அம்பின் வாலும் அதில் இடிக்கிறது. பக்தியாகக் கட்டினவர்களுக்கு இது எங்கே தெரியும்? திருவிழா முடியும் வரை அவிழ்க்கவும் முடியாது.

மற்றவர்கள் போன பிறகு பரசுராமனிடம் வரப்பில் நின்றபடியே சொன்னேன். வில்லைத் தலைகீழாகத் திருப்பிப் பிடி, முடிச்சு அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் நான் சுரண்டி வைத்த கணக்கு மாறும், அம்பு மேலே ஏறும். மீனுக்கு ஒரு சாண் கீழே குறி வை.

"அம்மன் வில்லத் தலகீழாப் புடிக்கலாமா மாமா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. "எங்க அக்காவத் திட்டுவானுங்களே," என்றான். வில்லைத் திருப்பிப் பிடித்து அம்பை விட்டான். வால் ஆடவில்லை. ஆனால் ஒரு முழம் மேலே போய்விட்டது. இன்னும் தாழ்த்து என்றேன்.

கை துறுதுறுத்தது. ஒரு தடவை சுரண்ட விட்டால் போதும். தொடவில்லை.

16-5-74

பரசுராமன் தினமும் பழகுகிறான். சில அம்பு படுகிறது, சில படவில்லை. நான் வரப்பில்தான்.

17-5-74, வெள்ளி

கோயில் எல்லைக்கு வெளியே, ரோட்டில் நின்றேன். பரசுராமன் வில்லைத் திருப்பியதும் கூட்டத்தில் முணுமுணுப்பு. சுப்பராயன் எழுந்தே விட்டார். அதற்குள் அம்பு போய்விட்டது. மீன் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"ஜானகி, பாத்தியாடி" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். நிறுத்தவே முடியவில்லை.

வேஷத்தைக் கலைக்காமலே பரசுராமன் கூட்டத்தை விட்டு வந்தான். காப்புக் கட்டிக்கொண்டவன் என்னைத் தொடக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.